பஸ்காலிஸ் வீட்டு அஸ்திவாரம்

பலியோஸ்கலா
9 மார்ச் 1975

அன்புத் தம்பி பஸ்காலிக்கு,

அக்கா தியமாந்தோ எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் கிரிசாந்தியும் குழந்தை தெஸ்பினாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஜெர்மனியில் பனி விட்டதா?

நீ சொன்னபடி திங்கட்கிழமை மேஸ்திரி அனெஸ்டிஸ் மண் தோண்டும் வண்டியோடு வந்து அஸ்திவார வேலையை ஆரம்பித்தார். அன்று ஒரு தொந்தரவும் இல்லை. மறுநாள் மதியம் வண்டி எதிலோ இடித்தது. பாறை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஜாடிகள். இடுப்பு உயரம் இருக்கும். அடி கூர்மையாக, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு, ஒரு பழைய கல்சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தது அப்படியே இருந்தது. இரண்டு மட்டும் நொறுங்கிவிட்டன.

அனெஸ்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "தியமாந்தோக்கா, நான் ஒண்ணும் பாக்கல, நீங்களும் ஒண்ணும் பாக்கல. விடிஞ்சதும் கலவையைக் கொட்டி மூடிட்டோம்னா கடவுளுக்கே தெரியாது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

விடிந்ததும் கலவை வருவதற்கு முன்னால் தொல்லியல் அலுவலகத்து ஜீப் வந்து நின்றது. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு காகிதத்தை வேலிக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். இப்போது நம் நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. கோழிகள் மட்டும் உள்ளே போய் வருகின்றன.

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் எழுதுகிறேன். குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா
தியமாந்தோ


ஸ்டுட்கார்ட்
17 மார்ச் 1975

அக்கா,

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். உன் லெட்டர் வர்ற வரைக்கும் நல்லா இருந்தோம்னு சொல்லணும்.

ஜாடியா? உடைஞ்ச ஜாடிக்காகவா என் வீட்டை நிறுத்தி வச்சிருக்கீங்க? பதிமூணு வருஷமா இந்தக் குளிர்ல நின்னு ஊரான் காருக்குக் கதவு மாட்டிக்கிட்டிருக்கேன். எதுக்கு? கீழ என் சொந்த ஒர்க் ஷாப், மேல வீடு, ஜன்னலைத் திறந்தா கடல். அதுக்குத்தானே? ஆகஸ்டுல வந்து கூரை போடுற அன்னிக்கு மேஸ்திரி ஆளுங்களுக்குக் குடுக்கறதுக்குச் சட்டைகூட எடுத்து வச்சுட்டா கிரிசாந்தி. அந்தச் சட்டையை இப்போ யாருக்குப் போட்டுவிட? ஜாடிக்கா?

அனெஸ்டிஸ் சொன்னதுல என்ன தப்பு? "யோசிச்சுச் சொல்றேன்"னியாமே. இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம கிரேக்க மண்ணுல கடப்பாரையை எங்க போட்டாலும் பானைதான் வரும். ஸீசிஸ் காப்பிக் கடைக்குக் கீழ நிலவறை தோண்டினானே, அப்போ என்ன வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா? மூடினான், மேல மேசையைப் போட்டான், காப்பி விக்கறான். அவன் புத்திசாலி. நாம முட்டாள்.

ரெண்டு விஷயம் உடனே எழுது. ஒண்ணு, எத்தனை நாள்ல முடிப்பாங்க? ரெண்டு, யார் போய்ச் சொன்னது? பேர் வேணும் எனக்கு.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பறேன். சூடு பண்ணித் தேய்.

பஸ்காலிஸ்


பலியோஸ்கலா
6 ஏப்ரல் 1975

அன்புள்ள தம்பி,

தைலம் வந்தது. நல்ல வாசனை. தேய்த்த அன்று படியேறி இறங்க முடிந்தது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தோண்ட வந்திருக்கும் பெண்ணின் பெயர் இஸ்மினி. முப்பது வயதுகூட இருக்காது. ஆண்கள் போடும் பூட்ஸ், வாயில் எப்போதும் சிகரெட். கூட நான்கு ஆட்கள். நிலத்தை நூல் கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டார்கள். மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியாலும் தூரிகையாலும் சுரண்டுகிறார்கள். நீ பார்த்தால் உனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

நீ கேட்டதை நானும் கேட்டேன். "என் தம்பி ஆகஸ்டுல வர்றான். அதுக்குள்ள கூரை போடணும்" என்றேன். "இந்த ஜாடிங்க ரெண்டாயிரத்து முன்னூறு வருஷமா இங்கேயே காத்துக்கிட்டிருக்கு. உங்க தம்பி கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?" என்கிறாள். முதலில் மூன்று மாதம் என்றாள். இந்த வாரம் கேட்டால் இப்போது சொல்ல முடியாது என்கிறாள்.

அது ஒரு திராட்சை மது வியாபாரியின் கிடங்காம். தீப்பிடித்திருக்கிறது, சுவரெல்லாம் கரி. நான்காவது கட்டத்தில் பளபளவென்று கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு சின்னக் கூஜா கிடைத்தது. அதற்குள் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு கட்டி. ஏதோ மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தபோது அத்தனையும் வெள்ளிக் காசு! ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை. மறுபக்கம் பாம்பு முடியும் கோரைப் பல்லுமாக ஒரு கோர முகம், நாக்கை நீளமாக நீட்டிக்கொண்டு. அனெஸ்டிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பஸ்காலிஸுக்குத்தான் அழகு காட்டுது" என்றார். கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காசுகளை எண்ணி, பையில் போட்டு, முத்திரை வைத்து அன்றைக்கே ஜீப்பில் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் அரசாங்கத்துக்குத்தான்.

காலையில் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். பானை ஓடுகளைக் கழுவ ஆள் போதவில்லை என்றாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கொஞ்சம் கழுவிக் கொடுக்கிறேன்.

யார் சொன்னது என்று கேட்டிருந்தாய். யார் சொன்னால் என்ன, சொல்லியாகிவிட்டது. விட்டுவிடு.

அக்கா


ஸ்டுட்கார்ட்
20 ஏப்ரல் 1975

அக்கா,

எல்லாரும் சுகம். தெஸ்பினாவுக்கு இருமல் இருந்துச்சு, போயிடுச்சு.

அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு: ஜாடிக்கு வாடகை இல்ல, பொண்டாட்டி புள்ளை இல்ல. ரெண்டாயிரம் வருஷம் என்ன, இருபதாயிரம் வருஷம்கூடக் காத்திருக்கும். எனக்கு நாப்பத்தொண்ணு முடியப் போகுது. நான் எத்தனை வருஷம் காத்திருக்கணுமாம்?

நீ வேற அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுக்கறே! பாத்திரம் கழுவித் தர்றே! என் அஸ்திவாரத்துல உக்காந்து சுரண்டறவங்களுக்கு என் அக்கா உபசாரம். கேக்கவே நல்லா இருக்கு.

யாரு சொன்னதுன்னு நீ எழுத மாட்டேங்கிறே. அவனுக்குப் பயப்படறே. ஆனா இப்போ எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்குது, யோசிச்சேன். ஸீசிஸ்தான். வேற யாரு? நம்ம வீடு ரெண்டு மாடி எழும்பினா அவன் கடையிலேர்ந்து கடல் தெரியாது. வெளியூர்க்காரன் எவனும் அங்க வந்து உக்கார மாட்டான். அந்தப் பொறாமை. அவன் நிலவறையில மூடினதை நாம யார்கிட்டயாவது போய்ச் சொன்னோமா? நன்றி கெட்டவன்!

அவனுக்கு நேத்தே ஒரு லெட்டர் போட்டுட்டேன். மனசுல இருந்ததை ஒண்ணுவிடாம எழுதிட்டேன். அவன் அப்பாவைப் பத்தியும் ரெண்டு வரி இருக்கு. படிச்சா அவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

நீ அவன் கடைப் பக்கம் போகாதே. உடம்பைப் பாத்துக்க.

பஸ்காலிஸ்


பலியோஸ்கலா
11 மே 1975

பஸ்காலி,

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ஈஸ்டர்தானே உன் பெயருக்குரிய புனித நாள், அன்று உனக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். நீண்ட காலம் நலமாக இரு.

நீ எழுதிய கடிதம் ஸீசிஸுக்குப் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் கிடைத்திருக்கிறது. அவர் அதைக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாராம். தன் அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்ததையும் விடாமல். ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஈஸ்டர் இரவு கோயில் வாசலில் எல்லோரும் சிவப்பு முட்டையை முட்டி உடைத்துக்கொள்ளும்போது அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் என் முட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக உடைத்துத் தின்றேன்.

நேற்று ஸீசிஸ் வேலியோரம் வந்து நின்றார். "தியமாந்தோ, உன் தம்பி ஜெர்மனிக்குப் போய்ப் படிச்சது இதுதானா?" என்றார். "எங்கப்பா உங்கப்பாவோட சவப்பெட்டியைத் தூக்கினவரு. அதையாவது எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு மேல் பேசாமல் இருக்க என்னால் முடியாது. கேட்டுக்கொள். ஸீசிஸ் இல்லை. நான்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். இன்னொரு தடவை ஜாடி வந்தாலும் இன்னொரு தடவை சொல்வேன்.

ஏன் என்று கேட்பாய். நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தை அனெஸ்டிஸ் என் சாப்பாட்டு மேசையில்தான் விரித்தார். நான் இருக்கும் இரண்டு அறையும் அதில் இல்லை. அந்த இடத்தில் கார் திரும்புவதற்கு முற்றம். நான் எங்கே என்று தேடினேன். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கட்டில் மட்டும் போடக்கூடிய இடத்தில் "அக்கா" என்று எழுதியிருந்தாய். அம்மாவைப் பதினோரு வருஷம் நான் பார்த்துக்கொண்டது இந்த இரண்டு அறையில்தான். நிலத்தை அப்பா உன் பெயரில் எழுதினார், சரி. ஆனால் "அக்கா, உன் வீட்டை இடிக்கப் போகிறேன், உனக்குச் சம்மதமா" என்று ஒரு வரி நீ எழுதவில்லை. இரண்டு வருஷமாக வீடு வீடு என்று எழுதுகிறாய், அதில் ஒரு வரி இல்லை.

போன வாரம் ஒரு கிண்ணம் கிடைத்தது. அதன் அடியில் ஆணியால் கிறுக்கின மாதிரி எழுத்து. இஸ்மினி படித்துக் காட்டினாள்: "நான் லிசிஸுக்குச் சொந்தம். என்னைத் தொடாதே." கிடங்கில் வேலை பார்த்த எவனோ, தன் கிண்ணத்தை மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாதென்று கிறுக்கி வைத்திருக்கிறான். எனக்கு அவனை நன்றாகப் புரிந்தது.

ஸீசிஸிடம் மன்னிப்புக் கேட்டு எழுது. என்னைத் திட்டுவதென்றால் எனக்குத் தனியாக எழுது.

தியமாந்தோ


பலியோஸ்கலா
22 ஜூன் 1975

அன்புத் தம்பி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா என்று தெரியாமல் தவிக்கிறேன். கோபம் என்றால் பொறுத்துக்கொள்வேன். எல்லோரும் நலமா என்று மட்டுமாவது எழுது.

நீ ஸீசிஸுக்கு எழுதமாட்டாய் என்று தெரிந்ததும் நானே அவர் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். எல்லோர் முன்னாலும், "ஸீசிஸ், அன்னிக்குத் தகவல் சொன்னது நான். என் தம்பி உங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டான்" என்றேன். அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கென்ன, அன்னிக்கே தெரியுமே" என்றார். "எப்படித் தெரியும்?" "எப்படியா? ஊருல வேற எங்க போன் இருக்கு? என் கடையிலேர்ந்துதான பேசினே! அந்த மூலையில நின்னுக்கிட்டு, ரகசியம் பேசறதா நினைச்சுக்கிட்டு நீ கத்தினது துறைமுகம் வரைக்கும் கேட்டுது."

"அப்புறம் ஏன் சொல்லல? இத்தனை பேச்சு வாங்கிக்கிட்டீங்களே!" என்றேன். "உங்க வீட்டுச் சண்டை. நீயே சொல்லுவியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். அவர் நிலவறையைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

வேலை நடக்கிறது. இந்த வெயிலிலும் இஸ்மினிக்கு அவசரம் என்பதே இல்லை. எனக்கே சில நாள் எரிச்சல் வருகிறது. காலை முழுக்க ஒரு சாண் மண். ஜாடிக் கைப்பிடிகளில் முத்திரை இருக்கிறது: ஒரு திராட்சைக் குலை, ஒரு டால்பின், பக்கத்தில் ஓர் ஆளின் பெயர். அதே திராட்சைக் குலையை எழுபது தடவை கழுவியிருப்பேன். எழுபது தடவையும் படம் எடுத்தார்கள். என்னையும் கூலி ஆளாகப் பதிந்துகொண்டார்கள் என்பதை உனக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை, அதனால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் வருகிறீர்கள் அல்லவா? கூரை இல்லாவிட்டால் என்ன, என் இரண்டு அறை இருக்கிறது. நேரில் வந்து திட்டு.

அக்கா


ஸ்டுட்கார்ட்
14 ஜூலை 1975

அக்கா,

உடம்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ பயப்படாதே.

நீ மே மாசம் எழுதினதைப் படிச்சேன். பல தடவை படிச்சேன். விடு.

ஆகஸ்டுல வர முடியாது. ஃபாக்டரியில வேலை ஜாஸ்தி, லீவு குடுக்கமாட்டேங்கறாங்க. கிரிசாந்தியும் குழந்தையும்கூட வரல. டிக்கெட் விலையும் ஏறிப் போச்சு.

இங்க நம்ம ஆளுங்க எல்லாரும் "என்னடா பஸ்காலி, வீடு எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேட்டு உயிரை எடுக்கறாங்க. போன வருஷம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினது நான்தானே. "என் நிலத்துக்கு அடியில பெரிய கிரேக்க வியாபாரியோட மாளிகையே இருக்கு, அரசாங்கம் தொட விடமாட்டேங்குது, நான் என்ன செய்ய"ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். மாளிகைதானே? கிடங்குன்னு சொன்னா எடுபடல. தங்கம் ஏதாவது வந்துச்சா? வந்தா எழுது.

எப்போ முடிப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா? சரியாக் கேட்டு எழுது.

பஸ்காலிஸ்


ஸ்டுட்கார்ட்
21 செப்டம்பர் 1975

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கிரிசாந்தி வணக்கத்தோடு எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். தெஸ்பினா இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அத்தை எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. இது அவருக்குத் தெரிய வேண்டாம். பதில் எழுதினால் உறையின் பின்னால் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். அது நான் வேலை செய்யும் சலவைக் கடை.

அண்ணி, அவருக்கு வேலை போய்விட்டது. மார்ச் கடைசியிலேயே போய்விட்டது. கார் விற்கவில்லை என்று ஒரே நாளில் பல பேரை நிறுத்தினார்கள், வெளிநாட்டுக்காரர்களைத்தான் முதலில். என்னிடமே மே மாதம் வரை சொல்லவில்லை. தினமும் காலையில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய், ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார். வேறு எங்கே கேட்டாலும் இல்லை என்கிறார்கள். வீட்டுக்காகச் சேர்த்ததில்தான் இப்போது வாடகை கொடுக்கிறோம். அதிலும் அதிகம் மிச்சமில்லை.

இங்கே ஊர்க்காரர்களிடம் அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடும் கடையில் உட்கார்ந்து உங்கள் ஊர் ஜாடிகளைத் திட்டுகிறார். "அரசாங்கம் மட்டும் விட்டிருந்தா இந்நேரம் மாடி ஏறியிருக்கும்" என்கிறார். திட்டும்போது மட்டும்தான் பழைய ஆளாக இருக்கிறார் அண்ணி. கை ஆட்டுகிறார், மேசையைத் தட்டுகிறார், எல்லோரும் சேர்ந்து திட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ஜாடிகளைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள் என்று தெரிந்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. அவர் சட்டையைக்கூடக் கிழித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் திட்டவில்லை. "நான் கேட்டிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இப்போது அவருக்கு ஒரே பயம், வேலை முடிந்துவிட்டது, வந்து கட்டிக்கொள்ளலாம் என்று உங்களிடமிருந்து கடிதம் வந்துவிடுமோ என்று. தபால்காரர் வந்தால் என்னைத்தான் போய் வாங்கச் சொல்கிறார்.

உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

உங்கள்
கிரிசாந்தி


பலியோஸ்கலா
5 அக்டோபர் 1975

அன்பு கிரிசாந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. நீ தைரியமாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு. சலவைக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் நீ, கால் வீங்கினால் உப்புத் தண்ணீரில் வை.

என் புத்தி போன போக்கைப் பார். ஆறு மாதமாக நான் அவனைக் குத்திக் குத்தி எழுதினேன். அவன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறான். "யோசிக்க நிறைய நேரம் கிடைக்குது" என்று ஏப்ரலில் எழுதினானே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: அவனும் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. கத்த மட்டும் தெரியும்.

அவன் பயந்தது நடந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தோண்டும் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, ஜாடிகளை வைக்கோலில் சுற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். குழியில் மணலைக் கொட்டி மூடியும் ஆயிற்று. வியாழக்கிழமை காகிதம் வந்தது: ஆழமாகத் தோண்டாமல் மேலே கட்டிக்கொள்ளலாம். இஸ்மினி என் கையைக் குலுக்கி, "உங்க தம்பி ஜெயிச்சுட்டாரு. நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் ஜீப் போன பிறகு மேஸ்திரி அனெஸ்டிஸ் வந்து, "எப்பக்கா கலவை போடலாம்?" என்கிறார்.

பஸ்காலிஸிடமிருந்து பதில் வரட்டும் என்று அவரை அனுப்பிவிட்டேன். குழியை ஏன் மூடினார்கள் என்று கேட்பவர்களிடம் மழைக்காலம் வருகிறது, அதனால் மூடி வைத்திருக்கிறார்கள் என்கிறேன். வாய் கூசாமல் வருகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றி அவனுக்கு நான் எழுதப் போவதில்லை. அவன் வேலை கிடைத்து நிமிர்ந்த பிறகு, அவனே கேட்டால், எடுத்துக் கொடுக்கிறேன். அதுவரை அவனுக்குத் திட்ட ஏதாவது வேண்டும். என்னைத் திட்டுவதைவிடச் சுவரைத் திட்டட்டும்.

இதில் எனக்கும் லாபம் இருக்கிறது, மறைக்கவில்லை. என் இரண்டு அறை இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். அதற்காகத்தான் செய்கிறேனோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாதி அதற்காகவும்தான். மீதிப் பாதி அவனுக்காக. எது பெரிய பாதி என்று தெரியவில்லை.

ஆலிவ் எண்ணெய் ஒரு டின் அனுப்புகிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ரயிலில் கொண்டுவருவார். குழந்தைக்கு முத்தம்.

உன் அண்ணி
தியமாந்தோ


பலியோஸ்கலா
6 அக்டோபர் 1975

அன்புத் தம்பி பஸ்காலிக்கு,

நான் சுகம். முழங்காலும் இந்த மாதம் சண்டைக்கு வரவில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஃபாக்டரியில் வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முடிந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் கிடங்குக்குக் கீழே இன்னொரு சுவர் தெரிந்திருக்கிறது. ஜாடிகளைவிடப் பழசாம். என் வீட்டுப் பக்கம் வேறு திரும்புகிறதாம். மழை வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வசந்த காலத்துக்கு மேல்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ன செய்வது தம்பி, உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு.

தங்கம் வரவில்லை. ஆனால் மாளிகை என்றே நீ சொல்லிக்கொள். கரிப்பிடித்த சுவரைப் பார்த்து மாளிகை இல்லை என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

அக்கா
தியமாந்தோ


ஸ்டுட்கார்ட்
26 அக்டோபர் 1975

அக்கா,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எண்ணெய் வந்துச்சு. குழந்தை ரொட்டியில ஊத்தி ஊத்தித் திங்கறா.

என்ன அநியாயம் இது? இன்னொரு சுவரா? மேல ஒருத்தன் கடை, அதுக்குக் கீழ இன்னொருத்தன் வீடு, அதுக்குக் கீழ இன்னொருத்தன். இவனுங்களுக்கெல்லாம் வேற ஊரே கிடைக்கலியா? கடலோரம் இவ்வளவு நீளமாக் கிடக்கு, எல்லாப் பயலும் வந்து என் அஸ்திவாரத்துலதான் குடியிருந்தானா? ஞாயித்துக்கிழமை கடையில உன் லெட்டரை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நம்ம தானாசிஸ் மேசையைக் குத்தி, "இந்த நாட்டுல செத்தவனுக்குத்தான் மரியாதை, உயிரோட இருக்கறவனுக்கு இல்ல"ன்னான். எல்லாரும் எனக்குக் குடிக்க வாங்கிக் குடுத்தாங்க. வசந்த காலத்துக்கு மேலயாம்! எத்தனை மாசம்னு சொல்ல முடியாதாம்! அப்படியே படிச்சேன்.

ஸீசிஸுக்கு எழுதிட்டேன். மன்னிப்புன்னு எழுதல, ஆனா அவனுக்குப் புரியும். அவங்கப்பா நம்ம அப்பாவோட சவப்பெட்டியைத் தூக்கினதையும் எழுதினேன்.

இன்னொண்ணு. வீடு எப்போ கட்டினாலும் உன் ரெண்டு ரூமை யாரும் தொடமாட்டாங்க. கார் வேற எங்கயாவது திரும்பிக்கட்டும். இதை முன்னாடியே உன்கிட்டக் கேட்டிருக்கணும். கேக்கல.

அந்தப் பொண்ணுகிட்டக் கோபமாப் பேசாதே. அவ பாட்டுக்கு நிதானமாச் செய்யட்டும், அவசரப்படுத்தி என்ன ஆகப்போகுது. அந்தச் சுவர் எவ்வளவு நீளம்னு கேட்டு எழுது. நல்லா ஆழமாப் போகுதா? பக்கத்துலயும் தேடிப் பாக்கச் சொல்லு, அங்கயும் ஒண்ணு இருக்கும். ஒத்தைச் சுவரை வச்சுக்கிட்டு எவன் வீடு கட்டுவான்?

பஸ்காலிஸ்